குதிரை ஓட்டமும் கொடை வசூலும்

தருமத்திற்குப் பணம் சேர்க்கும் வழிகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. பிரிட்டனில் அவற்றுள் ஒன்று குதிரைப் பந்தயத்தை ஒட்டி நடப்பது. மருத்துவமனைக்கோ அநாதைச் சிறுவர்களுக்கோ நிதி திரட்டும் ஒரு சங்கம் பந்தய நாளொன்றை ஏற்பாடு செய்கிறது. விருந்துடன் நுழைவுச் சீட்டு விற்கிறார்கள். பயிற்சியாளரின் லாயத்தை ஒரு காலைப்பொழுது சுற்றிப் பார்க்கும் வாய்ப்பை ஏலம் விடுகிறார்கள். சிண்டிகேட் என்ற பெயரில் பலர் கூடி ஒரு குதிரையை வாங்கி, அது வெல்லும் பரிசில் ஒரு பகுதியைத் தருமத்திற்கு என்று ஒதுக்குவதும் உண்டு. அந்நாட்டுக்கு வேலைக்குச் சென்றிருக்கும் நம் பிள்ளைகளையும் உடன் வேலை செய்வோர் இவற்றுக்கு அழைக்கக்கூடும். “ஏழைகளுக்குத்தானே போகிறது, சேர்ந்தால் என்ன?” என்று பிள்ளை கேட்டால் பெற்றோர் என்ன சொல்வது?

“குதிரைப் பந்தயமா, ஹராம்!” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. குதிரைகளை ஓடவிட்டுப் பார்த்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். மெலியவைத்துப் பழக்கிய குதிரைகளை ஹப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யதுல் வதா வரையிலும், பழக்காதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் அவர்கள் ஓட்டச் செய்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. முதல் தொலைவு ஐந்தாறு மைல்; இரண்டாவது ஒரு மைல். அதை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களே ஓட்டத்தில் கலந்துகொண்டவர். பழகிய குதிரைக்கு ஒரு தொலைவு, பழகாததற்கு அதன் சக்திக்கேற்ற வேறொரு தொலைவு என்று வகுத்த அந்தக் கருணையை, குதிரையை வெறும் பண யந்திரமாகக் காண்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பரிசு வைப்பதும் தடுக்கப்பட்டதன்று. ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றில் பரிசுக்கு இடமுண்டு என்ற நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. அந்தப் பரிசை யார் கொடுக்கிறார் என்பதில்தான் பிக்ஹு நூல்கள் நின்று நிதானிக்கின்றன. ஆட்சியாளரோ, ஓட்டத்தில் பங்கு பெறாத ஒரு செல்வரோ கொடுத்தால் ஆகும். போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டும், “நீ வென்றால் இது உனக்கு, நான் வென்றால் என் பொருள் என்னிடமே” என்று வைத்தாலும் ஆகும். இருவருமே வைத்து, வென்றவர் இரண்டையும் அள்ளிக்கொள்வதென்றால் அது சூது. ஒன்றும் வைக்காத மூன்றாமவர் ஒருவர், வெல்லக்கூடிய குதிரையுடன் இடையில் நுழைந்தால் சூதின் தன்மை நீங்கும் என்பது ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளின் நூல்களில் காணப்படும் சட்டம். அவருக்கு முஹல்லில் என்று பெயர். ஓட்டத்தில் பங்கில்லாத பார்வையாளர்கள் “இது ஜெயிக்கும், அது ஜெயிக்கும்” என்று தங்களுக்குள் பணம் கட்டுவதற்கு எந்த இமாமிடத்திலும் இடமில்லை. குதிரைகள் மூவகை, அவற்றுள் சூதாடப்படும் குதிரை ஷைத்தானுக்குரியது என்ற கருத்துடைய ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் உள்ளது.

இனி, “ஏழைகளுக்குத்தானே” என்ற வாதத்திற்கு வருவோம். இந்த வாதம் புதியதன்று. திருமறை தடுத்த மைஸிர் என்பது என்ன? அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குண்டு, மூன்று வெற்றம்புகள். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுப்பார்கள். வென்றவர்களோ பெரும்பாலும் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குப் பகிர்ந்துவிடுவார்கள். பஞ்சமும் குளிரும் வாட்டும் நாட்களில் இது நடக்கும். கலந்துகொள்ளாதவனைக் கஞ்சன் என்று இகழ்வார்கள். அதாவது, அந்தச் சூது அன்றைய ஏழைகளுக்கு உணவளித்த ஒரு தரும நிதி!

இதை மனதில் வைத்துக்கொண்டு அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தைப் படித்துப் பாருங்கள். மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பதை இறைவன் மறுக்கவில்லை. பயனை ஒப்புக்கொண்ட பிறகே பாவம் அதைவிடப் பெரிது என்று அறிவிக்கிறான். பின்னர் அல்மாயிதாவின் 90ஆம் வசனம் அதை முற்றாக விலக்கியது. அப்போது பசித்த வயிறுகள் மதீனாவில் இல்லாமலில்லை. ஆயினும் “ஏழைகளுக்கு என்றால் மட்டும் ஆடலாம்” என்று ஒரு விலக்கு அளிக்கப்படவில்லை. “வா, சூதாடுவோம்” என்று வாயால் அழைத்தவனும் ஸதகா கொடுக்கட்டும் என்பது நபிமொழி. ஸதகா சூதுக்குப் பரிகாரமாக வைக்கப்பட்டிருக்க, இன்று சூதையே ஸதகாவுக்கு வாகனமாக்கப் பார்க்கிறார்கள்.

ஹாங்காங்கில் 1884ல் தொடங்கிய ஜாக்கி கிளப் பந்தயப் பணத்தின் உபரியைப் பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளுக்கும் கல்விக்கும் கொடுத்து வருகிறது. கொடுப்பது உண்மை, கட்டடங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. மைஸிர் இறைச்சியும் உண்மையாகத்தான் ஏழையின் சட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டிலிருந்து எழும் இன்னொரு வாதமும் உண்டு. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைச் சூது என்று தடுக்க 1974ல் சட்டம் வந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரிதும் திறமையைச் சார்ந்தது, ஆகவே அது சூதாகாது என்று தீர்ப்பளித்தது. நாட்டுச் சட்டப்படி குற்றமா இல்லையா என்பதற்கு அது விடை. ஓட்டுபவனுக்குத் திறமை வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஷரீஅத் கேட்பது, தோற்றவன் பொருள் வென்றவன் கைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை.

இந்த உரைகல்லை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் குழப்பம் தீரும். லாயத்தைச் சுற்றிப் பார்ப்பது காசு கொடுத்துப் பெறும் ஒரு பயன், அது வியாபாரம். ஏலத்தில் அதன் மதிப்புக்கு மேல் நூறு பவுண்டு கூடக் கேட்டு எடுத்தால் அந்த நூறும் தருமமாகும். ஆனால் “நல்ல காரியத்துக்குத்தானே” என்று, வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது நஜ்ஷ், நபி (ஸல்) அவர்கள் தடுத்தது. அதே வாய்ப்பை ஏலமின்றி ஐந்து ஐந்து பவுண்டாகச் சீட்டு விற்றுக் குலுக்கலில் கொடுத்தால், அம்புக்குப் பதில் காகிதம், வேறு வித்தியாசமில்லை. விருந்துச் சீட்டு வாங்குமுன் அதனுடன் மதுவும் பந்தயக் கூப்பனும் சேர்ந்து வருகின்றனவா என்று கேட்டறிய வேண்டும்.

நன்கொடை வாக்குப் பெற்று ஓடுவது மற்றொரு முறை. இங்கிலாந்தின் குட்வுட் மைதானத்தில் மக்னோலியா கோப்பை என்ற பெயரில், தொழில்முறை ஜாக்கிகள் அல்லாத பெண்கள் தரும நிதிக்காக ஓட்டும் பந்தயம் உண்டு. 2019 ஆகஸ்டில் லண்டனைச் சேர்ந்த கதீஜா மெல்லா என்ற 18 வயது முஸ்லிம் மாணவி ஹிஜாபுடன் ஓட்டி அதில் முதலிடம் பெற்றார். பந்தயக் குதிரையில் அவர் ஏறி உட்காரத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பெண் மைதானத்தில் ஓட்டலாமா என்று கேட்போர் இருப்பர். அது வேறு பாடம். இங்கே நாம் பார்ப்பது பணத்தின் வழியை மட்டும். இத்தகைய ஓட்டத்தில் ஒருவர் நன்கொடை தருவதாக வாக்களித்தால், ஓட்டுபவர் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் பணம் தருமத்திற்கே போகிறது. தருபவர் திரும்பப் பெற எதையும் பணயம் வைக்கவில்லை. இதில் சூதின் வாடை இல்லை.

சிண்டிகேட்தான் நுணுக்கமானது. பலர் சேர்ந்து ஒரு குதிரையை வாங்குவது ஷிர்கத். பங்கும் செலவும் தெளிவாக இருந்தால் தடையில்லை. சிக்கல் பரிசில் இருக்கிறது. பிரிட்டனில் பரிசுத்தொகை மைதானத்தாரும் விளம்பரதாரரும் கொடுப்பதோடு நிற்பதில்லை. புக்கிகளின் இலாபத்திலிருந்து 1961ல் அமைந்த ஒரு வாரியத்தின் மூலம் வசூலாகும் பணமும் அதில் சேர்கிறது. பல பந்தயங்களில் குதிரை உரிமையாளர்கள் கட்டும் நுழைவுத் தொகையும் சேர்கிறது. நுழைவுத் தொகை மைதானச் செலவுக்குப் போனால் அது கூலி. பரிசுக் குவியலில் விழுந்தால் பணயம். எல்லோருமே கட்டும்போது முஹல்லில் எங்கே? ஆகவே அத்தகைய பந்தயங்களில் ஓடும் குதிரையில் பங்கு வாங்காமல் விலகி நிற்பதே பேணுதல் என்பது நம் கருத்து. துபாயில் 1996 முதல் நடந்துவரும் உலகக் கோப்பைப் பந்தயம், பார்வையாளர் பணம் கட்ட இடமில்லாமலேயே உலகப் புகழ் பெற்றது என்பதையும் நினைவில் வைக்கலாம். சூது இல்லாவிட்டால் குதிரை ஓடாது என்பவர்களுக்கு அது பதில்.

ஹலால், ஹராம் ஒருபுறமிருக்க, கணக்கையும் பார்க்க வேண்டாமா? வேல்ஸ் நாட்டில் கெவன் பாரஸ்ட் என்ற சிற்றூரில் ஜான் வோக்ஸ் என்ற மாது, ஊரார் சுமார் 23 பேரை வாரம் 10 பவுண்டு போடச் செய்து ‘டிரீம் அலையன்ஸ்’ என்ற குதிரையை வளர்த்தார். அது 2009ல் வெல்ஷ் நேஷனல் பந்தயத்தையே வென்றது. வாழ்நாளில் 1,30,000 பவுண்டுக்கு மேல் ஈட்டியது. பயிற்சி, தீனி, காயத்திற்கு வைத்தியம் எல்லாம் போக ஆளுக்கு மிஞ்சியது 1,400 பவுண்டு சொச்சம். வென்ற குதிரையின் கதை இது. பெரும்பாலான குதிரைகள் தம் தீனிச் செலவைக்கூட ஓடிச் சம்பாதிப்பதில்லை. பரிசில் பங்கு தருவோம் என்ற வாக்கை நம்பிய அநாதைக்கு வைக்கோல்கூடக் கிடைக்காது. அந்த 10 பவுண்டை வாராவாரம் நேராக அநாதையின் கையில் கொடுத்தால் ஆண்டுக்கு 520 பவுண்டு, குறையாமல் போய்ச் சேரும்.

ஜகாத் பணத்தை இவற்றில் போடுவது எவ்வகையிலும் கூடாது. அது உரிய எட்டு வகையினரைச் சேர வேண்டியது. முன்பே குதிரையில் பங்கு வாங்கிவிட்டவர்கள், தம் குதிரைக்கு ஜகாத் உண்டா என்று கேட்கலாம். சவாரிக்கும் ஓட்டத்திற்கும் வைத்திருக்கும் குதிரைக்கு இல்லை. விற்று இலாபம் பார்க்கும் நோக்கில் பங்கு வாங்கியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைந்ததும் அன்றைய மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும்.