ஐந்து வாக்கியங்கள், 608 மேற்கோள்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. எம்.ஃபார்ம் ஆய்வுக்கு யாரைக் கைடாகக் கேட்கலாம் என்று யோசித்து, ஒரு பேராசிரியரின் கட்டுரைகளை எல்லாம் வரிசையாக எழுதி, அடியில் "எச்-இண்டெக்ஸ் 22, போதுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

22 என்றால், அவருடைய கட்டுரைகளில் 22 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 22 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்பது அதில் தெரியும். எதற்காக எடுத்தாண்டார்கள் என்பது தெரியாது. உனக்குத் தெரிய வேண்டியது இந்த இரண்டாவதுதான்.

பயோகெமிஸ்ட்ரி லேபில் புரத அளவு பார்க்க லோரி முறை செய்திருப்பாய். ஃபோலின் ரீஏஜென்ட் விட்டதும் சோதனைக்குழாயில் நீலம் ஏறுமே, அதேதான். ஆலிவர் லோரி, செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறைத் தலைவராக இருந்தவர். 1951-இல் அந்த முறையை அவர் குழு வெளியிட்டது. 2014-இல் 'நேச்சர்' இதழ் எடுத்த கணக்கில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு அந்தக் கட்டுரைதான் முதலிடம். ஆனால் அதை ஒரு பெரிய கட்டுரை என்று அவரே நினைக்கவில்லை. எல்லோருக்கும் பயன்பட்டது, எல்லோரும் குறிப்பிட்டார்கள். அதில் தவறில்லை.

எனக்கு மனசு ஆறாதது வேறொன்று. 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் எழுதிய ஐந்தே வாக்கியக் கடிதம். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தோம், 11,882 பேருக்கு ஓபியாய்டு வலிநிவாரணி ஒரு தடவையாவது கொடுக்கப்பட்டது, முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றார்கள். எவ்வளவு டோஸ், எத்தனை நாள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது, எதுவும் அதில் இல்லை. அவர்கள் பார்த்தது வார்டுக்குள் நடந்ததை. சொன்னதும் அதை மட்டுமே.

1995 கடைசியில் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தக் கடிதத்துக்கு மேற்கோள்கள் குவிந்தன. 2017-இல் கனடா ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். மொத்தம் 608. அவற்றில் 439 மேற்கோள்கள், ஓபியாய்டு எடுப்பவர்கள் அடிமையாவது அபூர்வம் என்பதற்கு அந்தக் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 491 இடங்களில் சொல்லவே இல்லை. மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை போடுகிறவருக்கும் அதே ஆறுதல் சொல்லப்பட்டது. ஓபியாய்டுகளால் அமெரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் போயிருக்கின்றன. அந்தப் பேரழிவுக்கு இந்த மேற்கோள்களும் வழிவிட்டன என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. அதே ஆண்டு அந்த ஜர்னல் பழைய கடிதத்தின் தலையில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. 37 வருஷம் கழித்து!

ஐந்து வாக்கியத்தைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பலர் செலவழிக்கவில்லை என்று நினைக்கிறேன். நானும் என் தீசிஸில் ஒரு ரிவ்யூ கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு மேற்கோளை அப்படியே எடுத்துப் போட்டேன். வைவாவில் தேர்வாளர் அதைக் கை வைத்துக் காட்டி, "மூலத்தைப் பார்த்தாயா அம்மா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். அன்று இரவே தேடிப் படித்தேன். அது எலியில் செய்த சோதனை. நான் மனிதர்களுக்கு என்று எழுதியிருந்தேன்.

ஆகவே அந்தப் பேராசிரியர் பட்டியலில் மேலே இருக்கும் மூன்று கட்டுரைகளை மட்டும் எடு. ரிவ்யூவா, சொந்தச் சோதனையா பார். ரிவ்யூவுக்கு இயல்பாகவே மேற்கோள் அதிகம் சேரும். மேற்கோள் காட்டியவர்களில் அவரும் அவர் மாணவர்களும் எத்தனை பேர் என்று எண்ணு. பிறகு, வெளியாட்கள் எழுதிய பத்துக் கட்டுரைகளைத் திறந்து, அவர் பெயர் வரும் வாக்கியத்தைப் படி. முறையை எடுத்துக்கொண்டார்களா, முடிவை மறுத்தார்களா, கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்த்துவிட்டார்களா என்று பக்கத்திலேயே குறித்து வை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. அந்த மூன்று கட்டுரைகளும் உன் கையில் இருக்கட்டும், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா