பசிக்கு மணி பார்க்கத் தெரியுமா?

மாணவர்களே! மதிய உணவுக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை முடித்துக்கொண்டிருப்பார். அப்போது உங்கள் வயிறு 'கடமுடா' என்று ஓசை எழுப்பும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமதமாகப் பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டிருந்தாலும், பன்னிரண்டரை மணிக்கு வயிறு ஒருமுறை கேட்டுப் பார்க்கும். விளையாட்டு மும்முரத்தில் சாப்பிட மறந்துபோன நாளிலோ, இரண்டு மணிக்குமேல் அந்தப் பசி தானாகவே அடங்கிவிடும்.

ஒரு கவளம்கூட உண்ணாதபோது பசி எப்படி அடங்கியது? வயிறு காலியாவதுதான் பசி என்றால், நேரம் ஆக ஆகப் பசி கூடிக்கொண்டே அல்லவா போகவேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், நோன்பு இருப்பவர்கள் பசியை எப்படித் தாங்குகிறார்கள் என்பதும் விளங்கும். இப்போது பெரியவர்கள் பலர் உடல் எடையைக் குறைப்பதற்காக 'இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்' என்ற இடைவெளி உண்ணாநோன்பைக் கடைப்பிடிக்கிறார்கள். நாளுக்கு 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொண்டு மீதி 16 மணி நேரம் உண்ணாமல் இருப்பது அதில் ஒரு முறை. அவர்களைப் பார்த்து நீங்களும் அப்படிச் செய்யலாமா என்பதற்கும் விடை கிடைக்கும்.

வயிற்றுக்குள் ஒரு பலூன்

1912-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞரும், அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு விந்தையான சோதனையை வெளியிட்டனர். மெல்லிய குழாயின் முனையில் ரப்பர் பலூன் ஒன்றைக் கட்டி, அதை வாஷ்பர்ன் விழுங்கினார். பலூன் இரைப்பைக்குள் சென்றதும் அதில் காற்று ஊதப்பட்டது. இரைப்பை சுருங்கினால் பலூன் நசுங்கும். அந்த அழுத்தம் வெளியே உள்ள கருவியில் கோடாகப் பதிவாகும். பசி குத்தும்போதெல்லாம் வாஷ்பர்ன் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். வரையப்படும் கோட்டை அவர் பார்க்க முடியாது.

இரைப்பை வலுவாகச் சுருங்கிய நேரங்களிலேயே அவர் பொத்தானை அழுத்தியிருந்தார். சுருக்கம் முதலில் வந்தது. பசி உணர்வு அதைத் தொடர்ந்தது. எனவே இரைப்பையின் சுருக்கமே பசி என்று அப்போது கருதினார்கள்.

அந்தக் கருத்து முழுமையானதன்று என்பது பின்னர் தெரிந்தது. நோயின் காரணமாக இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கும் பசி எடுக்கிறது! சுருங்குவதற்கு இரைப்பையே இல்லாதபோதும் பசி வருமானால், பசியை நடத்தும் தலைமைச் செயலகம் வேறோர் இடத்தில் இருக்கவேண்டும் அல்லவா? அது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ்.

அப்படியானால் அந்தக் 'கடமுடா' ஓசை என்ன? உணவு செரித்து முடிந்தபின், ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடல்வரை ஒரு சுருக்க அலை ஓடுகிறது. எஞ்சிய துணுக்குகளையும் நீரையும் காற்றையும் அது கீழே தள்ளிச் செல்கிறது. வீட்டைப் பெருக்குவதுபோல நடக்கும் வேலை இது. நாம் கேட்பது பெரும்பாலும் அந்தத் துடைப்பத்தின் ஓசைதான்.

பசியின் தூதுவன்

1999-ஆம் ஆண்டு ஜப்பானிய அறிவியலாளர்களான கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு, எலியின் இரைப்பையிலிருந்து ஒரு புதிய ஹார்மோனைப் பிரித்தெடுத்தது. அதற்குக் கிரெலின் என்று பெயரிட்டார்கள். இரைப்பையில் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, 'உணவு வேண்டும்' என்று ஹைப்போதலாமஸுக்குச் சொல்லும் தூதுவன் இது. உணவு வேளைக்குச் சற்று முன்பு இரத்தத்தில் இதன் அளவு உயர்கிறது, உண்டபின் தாழ்கிறது.

ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வைக் கேளுங்கள். சிலரை 33 மணி நேரம் உண்ணாமல் இருக்கச் செய்து, அடிக்கடி இரத்தம் எடுத்துக் கிரெலினை அளந்தார்கள். காலை, நண்பகல், மாலை என்று வழக்கமான உணவு வேளைகளை ஒட்டிக் கிரெலின் உயர்ந்தது. பிறகு, அவர்கள் எதையும் உண்ணாதபோதும், தானாகவே தாழ்ந்தது!

ஆக, பசி அலை அலையாக வருகிறது. கடற்கரையில் அலை எழுந்து வந்து, திரும்பிப் போவது போன்றது அது. அந்த அலை வரும் நேரத்தை அமைப்பது பெரும்பாலும் நம் பழக்கம். இதுவே பசியின் மணி பார்க்கும் திறமை.

உடலின் சேமிப்பறைகள்

உண்ணாதபோது உடல் எதைக்கொண்டு இயங்குகிறது? நம் உடலில் எரிபொருள் சேமிப்பறைகள் உள்ளன.

முதலாவது கல்லீரல். வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்துக் கட்டிய மாலை என்று அதைச் சொல்லலாம். உணவு செரித்து முடிந்ததும் இந்த மாலையிலிருந்து குளுக்கோஸ் ஒவ்வொன்றாகக் கழன்று இரத்தத்தில் சேர்கிறது. தசைகளிலும் ஏறத்தாழ 400 கிராம் கிளைக்கோஜன் உண்டு. ஆனால் தசை அதைத் தன் வேலைக்கு மட்டுமே செலவிடும். குளுக்கோஸாக இரத்தத்துக்குக் கொடுக்காது.

இரண்டாவது கொழுப்பு. இது பெரிய களஞ்சியம். ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோ கலோரி ஆற்றல் தரும். அப்படியானால் 10 கிலோ கொழுப்பில் 90,000 கிலோ கலோரி!

ஆனால் மூளைக்கு ஒரு சிக்கல். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. மணிக்கு ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். கொழுப்பு அமிலங்களை அது நேராக எரித்துக்கொள்வதில்லை. இங்கே கல்லீரல் கைகொடுக்கிறது. உண்ணாமல் 12 மணி நேரத்துக்குமேல் ஆகும்போது, கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன்கள் என்னும் பொருள்களை அது மெல்ல மெல்லக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது. இவற்றை மூளை எரிக்க முடியும். நீண்ட நாள் உண்ணாதவர்களின் மூளை பெரும்பகுதி ஆற்றலைக் கீட்டோன்களிலிருந்தே பெறுகிறது என்பதை ஜார்ஜ் கேஹில் குழுவினர் அமெரிக்காவில் 1967-இல் காட்டினர்.

இன்னொரு வழியும் உண்டு. புரதத்தை உடைத்து, அதிலுள்ள அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் செய்யும். அந்தப் புரதம் பெரும்பாலும் தசையிலிருந்து வருகிறது. இது சுவரின் செங்கல்லைப் பெயர்த்து விற்பது போன்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நோன்புக்கு உடல் பழகும் விதம்

நல்ல எடுத்துக்காட்டு ரமலான் நோன்பு. தமிழ்நாட்டில் வைகறை முதல் சூரியன் மறையும்வரை ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் இருக்கிறார்கள். நோன்பு நோற்கும் பெரியவர்களைக் கேட்டால், முதல் சில நாட்கள்தாம் கடினம் என்று பலர் சொல்வார்கள். ஏன்?

பழைய நேரப்படியே கிரெலின் அலைகள் வருகின்றன. காலை எட்டு மணிக்கு இட்லியை எதிர்பார்த்து உடல் காத்திருக்கிறது. நாள்தோறும் தேநீரோ காப்பியோ குடித்துப் பழகியவர்களுக்கு, காஃபீன் கிடைக்காததால் தலைவலி வருகிறது. இந்தத் தலைவலியைப் பசி என்று தவறாக எண்ணுவோரும் உண்டு. உணவு வேளை மாறிச் சில நாட்கள் ஆனதும் பசி அலைகளும் புதிய நேரத்துக்கு இடம்பெயரத் தொடங்குகின்றன.

நோன்பு இருக்கும் பெரியவர்களுக்கு இந்த அறிவு எப்படிப் பயன்படும் என்று பார்ப்போம்.

1. உணவு வேளையை நாளுக்கு நாள் மாற்றாமல் வைத்துக்கொண்டால், உடல் விரைவில் பழகும்.

2. தேநீர், காப்பியை ஒரு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குறைத்தால் தலைவலி குறையும்.

3. நோன்புக்கு முந்திய உணவில் பருப்பு, முட்டை, காய்கறி போன்ற புரதமும் நார்ப்பொருளும் இருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும். வெறும் இனிப்பு விரைவில் செரித்துவிடும்.

4. பசி அலை எழும்போது வேறு வேலையில் மனத்தைச் செலுத்தினால், அலை கடந்துபோகும். தண்ணீர் அருந்த அனுமதியுள்ள நோன்பானால், ஒரு குவளை நீரும் உதவும்.

5. நன்றாக உறங்கவேண்டும். உறக்கம் குறைந்தால் கிரெலின் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

6. முடிக்கும்போது அளவாகத் தொடங்கவேண்டும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்த்துக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி நீரையும் உப்பையும் மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒருங்கே தருகிறது.

கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, மயக்கம், மனக்குழப்பம் ஆகியவை தாங்கிக்கொள்ளவேண்டிய பசி அல்ல. அவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே நோன்பை நிறுத்தவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கருவுற்ற தாய்மார்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு தொடங்கக் கூடாது.

எடை குறைப்பதில் இந்த முறைக்குத் தனி மந்திரம் ஏதும் இருக்கிறதா? சீனாவில் உடல் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. இரு பிரிவினரும் குறைத்த அளவே உண்டனர். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டனர். இரு பிரிவிலும் எடை குறைந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அளவை மறக்காத பசி

'எதற்கும் உடல் பழகிவிடும்' என்று இப்போது நீங்கள் முடிவு கட்டிவிடலாம். அதற்குமுன் இன்னொரு சோதனையைப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாகவே முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் உணவைக் குறைத்துக் கொடுத்தார். முன்பு உண்டதில் ஏறத்தாழப் பாதி. நாளுக்கு இரண்டு வேளை. அவர்கள் தம் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள்.

வேளை மாறவில்லை, மாதங்கள் கடந்தன. பசி பழகிவிட்டதா? இல்லை! எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், பேசினார்கள். சிலர் சமையல் நூல்களைத் தேடிப் படித்தார்கள். இதயத் துடிப்பு மந்தமானது, குளிர் தாங்கவில்லை, எதிலும் ஊக்கமில்லை. சோதனை முடிந்து வேண்டிய உணவு கிடைத்தபின்பும் அந்தப் பசி தணிய நீண்ட காலம் ஆயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது இதுதான்: பசி புதிய நேரத்தைக் கற்றுக்கொள்ளும்; ஆனால் தேவையான அளவை மறக்காது. நோன்பு நோற்பவர் நேரத்தை மட்டும் மாற்றுகிறார். மாலையில் அவருக்குக் கஞ்சி காத்திருக்கிறது. உணவே போதாதவரின் நிலை வேறு.

உங்களுக்கு எப்படி?

உங்கள் உடல் பெரியவர் உடலின் சிறிய பதிப்பு அன்று. குழந்தையின் கல்லீரல் சிறியது, சேமிப்பும் சிறியது. மூளையோ ஏறத்தாழப் பெரியவர் மூளையின் அளவை எட்டிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தை ஓய்வாக இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது! எனவே சிறுவர்களின் கிளைக்கோஜன் விரைவில் தீர்ந்துவிடும். உங்கள் உடல் எலும்பையும் தசையையும் கட்டிக்கொண்டிருக்கும் காலம் இது. கட்டடம் எழும்பும்போதே செங்கல்லைப் பெயர்க்கலாமா? எடை குறைப்பதற்கான இடைவெளி நோன்பு உங்கள் வயதினருக்கு உரியதன்று. எடையைப் பற்றிக் கவலை இருந்தால், பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைக் காணுங்கள். வழிபாட்டுக்காக நோன்பு இருந்தால், வீட்டாருக்குத் தெரிந்தே இருங்கள். விடியற்காலை உணவையும், இரவில் போதிய நீரையும் தவறவிடாதீர்கள்.

காலை உணவு உண்ணாமல் வரும் உங்கள் வகுப்புத் தோழரை நினைத்துப் பாருங்கள். "பழகிவிட்டது, பசிப்பதே இல்லை" என்று அவர் சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை, அலை கடந்துவிட்டது. ஆனால் முந்திய இரவிலிருந்து 14, 15 மணி நேரமாக அவருடைய சேமிப்பு கரைந்துகொண்டிருக்கிறது. அலை ஓய்ந்ததால் தேவை நிறைந்துவிடாது.

தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. பசி அடங்கியதுபோல் தோன்றும் குழந்தைக்கும் உணவு வேண்டும் என்பதை இப்போது உடலியலின் வழியே நீங்கள் விளக்கிச் சொல்லலாம் அல்லவா?

செய்து பாருங்கள்

மூன்று பள்ளி நாட்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்தது முதல் உறங்கும்வரை மணிக்கு ஒருமுறை உங்கள் பசிக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுங்கள். எந்த வேளை உணவையும் விடக் கூடாது. கிடை அச்சில் நேரத்தையும் செங்குத்து அச்சில் மதிப்பெண்ணையும் குறித்து வரைபடம் வரையுங்கள். அலைகள் எத்தனை? ஞாயிற்றுக்கிழமை அலை எங்கே நகர்ந்தது? வேறு நேரத்தில் உணவு உண்ணும் நண்பரின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. கல்லீரலில் 100 கிராம் கிளைக்கோஜன். மூளை மணிக்கு 5 கிராம் குளுக்கோஸ் செலவிடுகிறது. மூளை மட்டும் பயன்படுத்தினால் சேமிப்பு எத்தனை மணி நேரம் வரும்?

2. தசையில் 400 கிராம் கிளைக்கோஜன் இருந்தும் மூளைக்கு அது ஏன் நேரடியாக உதவுவதில்லை?

3. வாஷ்பர்ன் வரைகோட்டைப் பார்க்காதபடி சோதனையை அமைத்தது ஏன்?

4. ரமலான் நோன்பாளியின் பசிக்கும் மின்னசோட்டா இளைஞர்களின் பசிக்கும் உள்ள வேறுபாடு என்ன?