கந்தாய ரசீது

எங்கள் வகுப்புக்கு ஓர் அம்மா வருகிறார். அல்சூரில் சிறிய சொந்த வீடு. வாசலில் இட்லிக் கடை. ஒரு நாள் மாலை ஒரு காகிதத்தோடு வந்தார்.

"தம்பி, இது கந்தாய ரசீது. மகன் கட்டுவான். நான் பெட்டியில் போட்டு வைப்பேன். இன்றைக்கு நானே படித்துப் பார்க்கிறேன்."

கந்தாயம் என்றால் வீட்டு வரி. ரசீது கன்னடத்தில் இருந்தது. எழுத்தை நான் படித்தேன். எண்களை அவர் படித்தார்.

வரி 1,200 ரூபாய். அதன் கீழே மேலும் சில வரிகள். இவற்றைச் 'செஸ்' என்பார்கள். சுகாதாரத்துக்கு நூற்றுக்கு 15. நூலகத்துக்கு நூற்றுக்கு 6. பிச்சை எடுப்பவர் மறுவாழ்வுக்கு நூற்றுக்கு 3.

"நூலகத்துக்கு 72 ரூபாயா? நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லையே!" என்றார் அம்மா. பிறகு கேட்டார்: "என் பேரன் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான். அதற்கு எங்கே தம்பி பணம்?"

நல்ல கேள்வி. பெங்களூரில் அரசுப் பள்ளி வேறு, மாநகராட்சிப் பள்ளி வேறு. அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது கர்நாடக அரசு. மாநகராட்சிப் பள்ளிக்குக் கட்டடம், பெஞ்சு, பராமரிப்பு எல்லாம் மாநகராட்சியின் செலவு. மாநகராட்சி தானே திரட்டும் பணத்தில் பெரும் பங்கு வீட்டு வரிதான். சாலை, விளக்கு, சாக்கடை, பள்ளி எல்லாம் அந்த 1,200 ரூபாய்க்குள் அடக்கம். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. அதனால் வரி நின்றுவிடவில்லை.

தமிழ்நாட்டில் சொத்து வரிக்குள் 'கல்வி வரி' என்றே ஒரு பங்கு உண்டு. 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் இதற்கு வழி செய்தது. அதே காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தார்கள். அதைத் தொடங்கியவர் பிட்டி தியாகராயர்.

அமெரிக்காவில் பள்ளிகள் வீட்டு வரியைப் பெரிதும் நம்பி நடக்கின்றன. பெரிய வீடுகள் உள்ள ஊரில் பள்ளிக்கு நிறையப் பணம். ஏழை ஊரில் குறைவு. இது சரியா என்று அங்கே பல காலமாக வழக்கு நடக்கிறது.

பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார்: "எங்களுக்கு வாடகை வீடு. நாங்கள் வரி கட்டுவதில்லை."

"வீட்டுக்காரர் கையை விட்டா கட்டுகிறார்? உன் வாடகையில்தான் கட்டுகிறார்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னது உண்மைதான்.

நூலகப் பணத்தில் ஒரு சங்கதி உண்டு. 1965-இல் வந்த கர்நாடகப் பொது நூலகச் சட்டத்தின்படி இந்தப் பணம் நூலகத்துக்கே போக வேண்டும். வசூல் செய்வது மாநகராட்சி. ஆனால் பல ஆண்டுகள் அது முழுப் பணத்தையும் கொடுக்கவில்லை. பாக்கி பல கோடி ரூபாய் என்று செய்தித்தாள்களில் வந்தது. நாம் பாக்கி வைத்தால் வட்டி கேட்கிறார்கள்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து நூலகத்துக்குப் போனோம். மேசையில் தமிழ் நாளிதழும் இருந்தது. அம்மா தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். உறுப்பினர் படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

கணக்குப் போடுங்கள்:
ஒரு வீட்டுக்கு வரி 800 ரூபாய். நூலகத்துக்கு நூற்றுக்கு 6 வீதம் எவ்வளவு?