ஊறுகாய்க்கு நடுவே ஒற்று வராது

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு சாவுச் செய்தி வந்தது. எல்லோரும் வரிசையாக 'ஆழ்ந்த இரங்கல்' போட்டுக்கொண்டிருக்க, சித்தப்பா மட்டும் 'ஆழ்ந்த இறங்கல்' என்று போட்டுவிட்டார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அக்கா மகன் பதில் போட்டான்: "சின்னத் தாத்தா, இறங்குறது பஸ்லேர்ந்து. இது இரங்கல்." திருத்தம் சரிதான். இரங்குவது மனம், இறங்குவது கால். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. குழுவிலிருந்து இறங்கிக்கொண்டார்.

புரூஃப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவன் நான். பிழை என் கண்ணில் குத்தாமல் போகாது. ஆனால் இப்போது சமூக வலைத்தளங்களில் சுற்றும் திருத்தங்கள் பிழைகளைவிட அதிகம் குத்துகின்றன. பாதி இலக்கணம், பாதி யாரோ சொன்ன கதை. சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: செல்போன் வந்த பிறகுதான் தமிழில் பிழை மலிந்தது

எழுத்துக் கூட்டப் பழகிய வயதில் நான் தெருவில் படித்த முதல் வாக்கியங்களில் ஒன்று, 'இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்'. சுண்ணாம்பு அடித்த மதிலில் நீலப் பெயிண்டில், ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அப்போது ஊரிலேயே இரண்டு டெலிபோன்தான்.

சுவர் + இல் என்றால் சுவரில். கிணறு கிணற்றில் ஆகும், சோறு சோற்றில் ஆகும். அவை 'று' என்று முடிகிற சொற்கள். ரகர ஒற்றில் முடிகிற சுவர் அந்த வரிசையில் எப்படிப் போய் நின்றது? பேச்சைக் கேட்டால் புரியும். பேச்சில் அது 'செவுரு'. 'கெணறு, கெணத்துல' என்று சொல்லும் நாக்கு, அதே தாளத்தில் 'செவுரு, செவத்துல' என்றும் சொல்லிப் பழகிவிட்டது. எழுத உட்கார்ந்ததும் கொச்சையைத் திருத்த வேண்டுமே என்று 'த்து'வை 'ற்று' ஆக்கிவிடுகிறோம். ஆக, 'சுவற்றில்' அலட்சியத்தில் பிறந்த பிழை இல்லை. சுத்தமாக எழுத வேண்டும் என்ற கவனத்தில் பிறந்தது. பெயிண்டர் நம்மைவிட அக்கறையானவர்.

செல்போன் தன் பங்குக்குச் சேர்த்த பிழைகளும் உண்டுதான். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும்போது ல, ள, ழ மூன்றும் முட்டி மோதுகின்றன. செயலி முதலில் நீட்டுகிற சொல்லை விரல் வாங்கிக்கொள்கிறது. பழம் பலம் ஆகிறது. 1999ஆம் ஆண்டுச் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் இந்த மூன்றுக்கும் தனித்தனி விசை. 'க'வை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானாக விழும். பழக ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரம்தான் யாரிடமும் இல்லை.

நம்பிக்கை: உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' என்பது ஆங்கிலத்தைப் பார்த்து வந்த விதி

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். அதனால் நம்பிக்கையோடு சொல்வார்கள். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் எண்ணுப்பெயர்கள் புணர்வதைச் சொல்லும் இடத்திலேயே இந்த விதி இருக்கிறது. உயிரெழுத்து வந்தால் 'ஒரு'வின் கடைசி உகரம் போய், முதல் எழுத்து நீண்டு 'ஓர்' ஆகும். 'இரு'வும் அப்படியே 'ஈர்' ஆகும். ஓருயிர், ஈருடல். வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய சங்கதி.

அதற்காக, பேரனுக்குக் கதை சொல்லும் பாட்டி 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று ஆரம்பித்தால் குறுக்கே பாய வேண்டியதில்லை. கட்டுரையில் 'ஓர் ஊர்' என்று திருத்துவேன், உரையாடலில் தொடமாட்டேன்.

நம்பிக்கை: 'வாழ்த்துக்கள்' என்றால் கள் ஊற்றி வாழ்த்துவதாகும்

ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தக் கள்ளை இறக்குகிறார்கள். பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் இவற்றிலெல்லாம் அதே 'க்கள்'தான். அங்கே யாரும் பானையைத் தேடுவதில்லையே?

உண்மையான வழக்கு வேறு. வாழ்த்து, எழுத்து, கருத்து எல்லாம் வன்தொடர்க் குற்றியலுகரங்கள். பின்னால் வேறொரு சொல் வந்தால் ஒற்று மிகும்: வாழ்த்துப்பா, எழுத்துக்கலை. 'கள்' விகுதிக்கும் அப்படியே மிகலாம் என்பது ஒரு கட்சி. விகுதி தனிச்சொல் இல்லை, ஆகவே மிகாது என்பது இன்னொரு கட்சி. இன்றைய பாடநூல்கள் 'எழுத்துகள்' பக்கம். நானும் அப்படித்தான் திருத்துகிறேன், ஒரு நூலுக்குள் ஒரே வடிவம் இருக்க வேண்டும் என்பதற்காக. பழைய பதிப்புகளைப் புரட்டுங்கள், புலவர்களே 'எழுத்துக்கள்' என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் குடித்துவிட்டு எழுதவில்லை.

நம்பிக்கை: ஒற்று என்பது புலவர்கள் நம் தலையில் ஏற்றிய சுமை

'டீக்கடை' என்று எழுதிப் பாருங்கள். டீ தமிழே இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு 'க்' வந்து உட்கார்ந்துவிட்டது. எந்தத் தமிழாசிரியரும் டீக்கடைக்காரரிடம் போய் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழில் ககரம் ஒன்றுதான். நிற்கிற இடம்தான் அதன் ஒலியை முடிவு செய்கிறது. 'பகல்' என்பதில் உயிர்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டு மெலிந்துவிடுகிறது. 'பக்கம்' என்பதில் துணை இருப்பதால் வலுவாக நிற்கிறது. 'டீகடை' என்று சேர்த்து எழுதினால் கடையின் 'க' மெலிந்து, நம் வாயில் வராத ஏதோ ஒன்றாகிவிடும். பெட்டிக்கடை, பூக்கடை, டீக்கடை எல்லாம் வாய் போட்ட ஒற்று. இலக்கணம் அதைப் பார்த்து எழுதிக்கொண்டது.

சும்மா இருப்பதும் இல்லை ஒற்று. நடுகல் என்றால் போரில் விழுந்த வீரனுக்கு நட்ட கல். நடுக்கல் என்றால் மூன்று கல்லில் நடுவில் இருப்பது. தொல்லியல் செய்தி ஒன்றில் இது மாறிப்போய், 'கண்டெடுக்கப்பட்ட நடுக்கல்' என்று அச்சுக்குப் போக இருந்ததைக் கடைசி நேரத்தில் பிடித்தேன்.

இதைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் ஒற்றைத் தூவக் கிளம்பிவிடாதீர்கள். இணையத்தில் இப்போது ஒற்று விட்ட பிழையைவிட ஒற்றுப் போட்ட பிழை எனக்கு அதிகம் தட்டுப்படுகிறது. சந்தேகம் வந்தால் போட்டு வைப்போம் என்கிற மனசு. 'வேலைத் தேடுகிறேன்' என்று ஒருவர் எழுதுகிறார்; அவர் தேடுவது உத்தியோகமா, முருகன் கையில் இருப்பதா?

அதிகம் அடிபடுவது வினைத்தொகைதான். ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் ஒரே சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட தொகையில் ஒற்று மிகாது. சுடுசோறு, நிறைகுடம், வளர்பிறை எல்லாம் இந்தக் குடும்பம். ('காய்' என்பதிலேயே ய் என்ற ஒற்று இருக்கிறதே என்று எனக்குக் கடிதம் போட வேண்டாம். நடுவே என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.)

நம்பிக்கை: ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துதான் சரி

'உளமார' போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஆர்தல் நிறைதல்; உளம் நிறைய வாழ்த்துவது உளமார. 'உளமாற' வாழ்த்தினால் மனசு மாறிவிட்டது என்று பொருள். 'இயக்குநர்' என்பதற்கும் பொருந்தும். பள்ளியில் கடிதத்துக்கு மேலே போட்ட அனுப்புநர், பெறுநர் எல்லாம் அதன் உடன்பிறப்புகள்.

ஆனால் நன்னூல் போலி என்று ஒரு வகையையே வைத்திருக்கிறது: அறம், அறன், பந்தல், பந்தர். எழுத்து மாறும், பொருள் மாறாது, தவறும் இல்லை. கறுப்புக்கு வருவோம். வல்லின 'று'தான் சரி என்பவர்களுக்குத் தொல்காப்பியமே சாட்சி. கறுப்பு அங்கே கோபத்தையும் குறிக்கிறது, நிறத்தையும் குறிக்கிறது. 'ரு' போடுகிறவர்கள் கருமையையும் கருமேகத்தையும் காட்டுவார்கள். நான் 'கறுப்பு' என்று எழுதுகிறவன். அதற்காகக் கருப்பசாமி கோயில் வாசலில் சிவப்புப் பேனாவோடு போய் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது.

அந்தக் காலத்தில் எல்லாம் துல்லியமாக எழுதினார்கள் என்பவர்கள் ஓர் ஓலைச்சுவடியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியும் வைக்கமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். எ, ஏ வேறுபாட்டை இன்று நாம் எழுதும் முறையே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்தால் வந்தது. 'லை', 'னை' போன்றவை இப்போதைய உருவத்துக்கு அரசாணையோடு வந்தது 1978இல். என் அப்பா கடைசிவரை பழைய 'லை'தான் போட்டார். அவரைத் திருத்த யாரும் வரவில்லை.

போன தையில் தூரத்து மாமா ஒருவர் தன் இளைய மகளின் கல்யாணப் பத்திரிகையை, அச்சுக்குப் போகும் முன் ஒரு பார்வை பார்க்கச் சொல்லி எடுத்து வந்தார். 'திருநிறைச்செல்வி' என்று இருந்தது. மூத்த பிள்ளைக்கு 'திருவளர்', கடைசிப் பிள்ளைக்கு 'திருநிறை' என்று போடுவது வழக்கம். இலக்கணத்தில் அப்படி எதுவும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இரண்டும் வினைத்தொகை. திருநிறைசெல்வி, திருவளர்செல்வி என்றுதான் வர வேண்டும். நிறைகுடம், வளர்பிறை எல்லாம் சொல்லி விளக்கி, 'ச்'சைச் சுழித்தேன்.

மாமா சுழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, மூத்தவளுக்கு 'ச்' போட்டுத்தான் அடிச்சோம். ரெண்டு புள்ளைங்களோட நல்லா இருக்கா. இவளுக்கு மட்டும் ஏன் எடுக்கணும்?"

பேனாவை மூடிவிட்டேன். பத்திரிகை 'ச்'சோடுதான் வந்தது. என்னைப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். இலையின் ஓரத்தில் வைத்த மாங்காய் ஊறுகாய் நன்றாக ஊறியிருந்தது.