முதலில் மாதம், அப்புறம் கப்பல்: நார்வே போகிற தங்கச்சிக்குச் சில டிப்ஸ்

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு நார்வே கரையோரம் கப்பலில் போகப் போகிறேன், எந்தக் கப்பல் நல்லது என்று கேட்டிருக்கிறாய். கப்பலை அப்புறம் பார்க்கலாம். எந்த மாதம் போவது என்பதை முதலில் முடிவு செய். மற்ற எல்லாமே, செலவு, துணிமணி, அப்பாவின் முழங்கால் வலி உட்பட, அந்த ஒரு முடிவைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நள்ளிரவுச் சூரியனும் துருவ ஒளியும் ஒரே பயணத்தில் கிடைக்காது. ட்ரோம்சோ நகரத்தில் ஏறக்குறைய மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. இன்னும் வடக்கே நார்த் கேப் முனையில் மே 14 முதல் ஜூலை 29 வரை அப்படி. வானம் இருட்டாமல் துருவ ஒளி எப்படித் தெரியும்? அதற்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிக்குள் போக வேண்டும். அதிலும் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை ட்ரோம்சோவில் சூரியன் எட்டியே பார்க்காது. பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். அழகுதான், ஆனால் வயதானவர்களை அந்த இருட்டிலும் வழுக்கும் பனியிலும் நடக்கவிட எனக்கு மனசு வராது.

பெற்றோரோடு போவதென்றால் ஜூன் முதல் பாதி என்பது என் தேர்வு. மலையில் பனி உருகி அருவிகள் நிரம்பி விழுகிற நேரம் அது. மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த கெய்ராங்கர் ஃபியோர்டில் ‘ஏழு சகோதரிகள்’ என்று ஓர் அருவி இருக்கிறது. ஜூனில் ஏழு தாரையும் கொட்டும், ஆகஸ்டுக்குள் சில தாரைகள் மெலிந்துவிடும். விலை குறைவு என்று ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் காட்டினால் இதையும் நினைத்துக்கொள். துருவ ஒளிதான் உன் ஆசை என்றால் அம்மா அப்பா இல்லாமல் மார்ச்சில் தனியாகப் போ. பகல் நீண்டிருக்கும், பனியும் இருக்கும், இரவும் இருட்டாக இருக்கும். ஒன்று தெரிந்துகொள். மேகம் மூடினால் கப்பலிலிருந்து ஒன்றும் தெரியாது. தெளிந்த வானத்தைத் தேடிப் போகக் கப்பலுக்கு வழி கிடையாது. அதனால் ட்ரோம்சோவில் இறங்கி மூன்று நான்கு இரவு தங்கி, மேகம் இல்லாத பக்கமாக வேனில் கூட்டிப்போகிற வழிகாட்டிகளோடு போவதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள். கண்ணுக்கு முதலில் அது வெளுத்த மேகம் போலத்தான் தோன்றும். கேமராவில் பச்சையாகத் தெரிந்தால் அதுதான்.

இப்போது கப்பல். பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கிர்கனெஸ் வரை 34 துறைமுகங்களில் நின்று போகும் கரையோரக் கப்பல் ஒன்று தினமும் கிளம்புகிறது. 1893-ல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் தொடங்கிய தடம் இது. 2021 முதல் ஹர்டிக்ரூட்டன், ஹவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்து ஓட்டுகின்றன. போக ஏழு நாள், போய்த் திரும்ப 12 நாள். உள்ளூர்க்காரர்கள் ஓர் ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவார்கள், சரக்கும் ஏறும் இறங்கும். நடனம், காசினோ, நீச்சல் குளத்தில் சறுக்கு எதுவும் இருக்காது. சன்னல் ஓரம் உட்கார்ந்து மலையையும் கடலையும் பார்ப்பதுதான் வேலை. நம் அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஹம்பர்க், கீல், சவுத்தாம்ப்டன் பக்கமிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் வேறு ரகம். ஆயிரக்கணக்கான பயணிகள், பல மாடிகள், குழந்தைகளுக்கு விளையாட்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் ஃப்லாம், கெய்ராங்கர் போன்ற சின்னக் கிராமத்தில் ஒரே நாளில் இரண்டு கப்பல் வந்துவிட்டால் தெருவில் நடக்க இடமிருக்காது. அந்தத் துறைமுகத்தின் கப்பல் வருகைப் பட்டியல் இணையத்தில் கிடைக்கும், புக் செய்யுமுன் பார். சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சிறு படகில் மாறி இறங்க வேண்டும். அம்மாவால் முடியுமா என்று யோசி. பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கான டிப்ஸை ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பில்லில் தானாகச் சேர்த்துவிடும். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள். இந்தப் பெரிய கப்பல்கள் ஃபியோர்டுக்குள் நுழைவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். காலை உணவுக்கு எழுந்தால் போதும் என்று தூங்கிவிடாதே. ஊரில் இறங்கிச் சுற்றுவதைவிட அந்த நுழைவுதான் பெரிது.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறுகலான ஃபியோர்டில் இரண்டு பக்கமும் மலை. கப்பல் புகை வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுப் பகுதிகளில் 10,000 டன்னுக்குக் குறைந்த கொள்ளளவுள்ள பயணிகள் கப்பல்கள் 2026 முதல் புகையே விடக்கூடாது என்று நார்வே சட்டம் போட்டிருக்கிறது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். ஹவிலா கப்பல்களில் பெரிய பேட்டரி உண்டு, நான்கு மணி நேரம் வரை அதிலேயே சத்தமில்லாமல் ஓட முடியும். இரண்டு கப்பலுக்கும் விலை ஒன்றாக இருந்தால், புகை குறைவாக விடுகிற கப்பலை எடு. அங்கே வாழ்கிறவர்கள் மூச்சுவிடும் காற்று அது.

கரையோரக் கப்பலில் போனால் ஒரு வழியா, இரு வழியா என்று கேட்பாய். வடக்கே போகும்போது ட்ரோம்சோவில் பகலில் சில மணி நேரம் நிற்கும், ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் நார்த் கேப் போய் வர நேரம் இருக்கும். கடலிலிருந்து 307 மீட்டர் செங்குத்தாக நிற்கிற பாறை அது. தெற்கே திரும்பும்போது இந்த ஊர்களை நடுராத்திரியிலோ அதிகாலையிலோ கடந்துவிடும். ஆனால் வடக்கே போகையில் இரவில் தவறவிட்ட வெஸ்டரோலன், லோஃபோட்டன் தீவுகளின் பக்கத்து நீர்வழிகள் திரும்பும்போது பகலில் வரும். லீவு இருந்தால் இரு வழியும் போ. இல்லையென்றால் வடக்கே மட்டும் போய், கிர்கனெஸிலிருந்து ஆஸ்லோவுக்கு விமானம் பிடி. கெய்ராங்கருக்குள் இந்தக் கப்பல்கள் பொதுவாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் போகும். மே மாதப் பயணத்துக்குப் புக் செய்துவிட்டு அருவியைத் தேடாதே.

அறை விஷயத்தில் பணத்தை எங்கே போடுவது? மேல் மாடி பால்கனிக்கு என்று ஏஜென்ட் சொல்வார். நான் சொல்வது, கீழ் அடுக்கில் கப்பலின் நடுப்பகுதி. அங்கேதான் ஆட்டம் குறைவு. தீவுகளின் மறைவில் ஓடும்வரை கடல் குளம் போல அமைதியாக இருக்கும். ஸ்டாட் முனை, ஹுஸ்டாட்விகா, பூடோவிலிருந்து லோஃபோட்டனுக்குப் போகிற வெஸ்ட் ஃபியோர்டு, நார்த் கேப்புக்குக் கிழக்கே பேரன்ட்ஸ் கடல், இந்த நான்கு இடங்களில் திறந்த கடல். அலை தூக்கும். குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும், ஆடிய பிறகு போட்டுப் பயனில்லை. அவோமின் போன்றவை தூக்கம் வரவழைக்கும். அப்பா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று டாக்டரிடம் இங்கேயே கேட்டுவிடு. ‘பார்வை மறைக்கப்பட்டது’ என்று போட்டிருக்கும் அறைகளில் சன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். தூங்குவதற்கு மட்டும் என்றால் சன்னலே இல்லாத உள்ளறையும் மோசமில்லை, ஜூனில் இருட்டு கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். சன்னல் அறையானால் கண்பட்டி எல்லோருக்கும் எடுத்துக்கொள்.

விசாவுக்கு வருவோம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கனில் இருக்கிறது. அதிக நாள் தங்கப்போவது நார்வேயில் என்றால் நார்வேக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும். 2024 முதல் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஆனால் அதோடு நிற்காதே. பெற்றோர் வயதுக்கு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, ஹெலிகாப்டரில் தூக்கிப்போகும் செலவும் அடங்கிய பாலிசி எடு. கரையோரக் கப்பல்களில் பொதுவாக டாக்டர் இருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு துறைமுகம் வருவதால் அங்கே இறக்கிவிடுவார்கள்.

சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பினால் பிரிட்டன் விசா தனி. வழியில் ஸ்காட்லாந்திலோ ஃபேரோ தீவுகளிலோ நின்றால் என்ன வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள். ஃபேரோவும் கிரீன்லாந்தும் டென்மார்க்கைச் சேர்ந்தவை என்றாலும் ஷெங்கனில் இல்லை. நார்வேக்கு வடக்கே அதற்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளும் அப்படித்தான். அங்கே போக யாருக்கும் விசா வேண்டாம், ஆனால் ஆஸ்லோ வழியாகத்தானே போகிறோம்? போய்த் திரும்புவது ஷெங்கனுக்குள் இரண்டாவது நுழைவு ஆகிவிடும். ஒரே நுழைவு விசாவில் போனால் திரும்பி வர முடியாது. எதற்கும் பல நுழைவு விசாவாகவே கேள்.

ஸ்வால்பார்ட் ஆசை இருந்தால் அதைத் தனிப் பயணமாக வை. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 2025 முதல் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது. பனிக்கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கரடி பக்கத்தில் வரும் என்று ஆசை காட்டும் விளம்பரத்தை நம்பாதே. ரப்பர் படகில் ஏறி இறங்க முழங்கால் வேண்டும், அதனால் இது அப்பாவுக்கு அல்ல.

துணி விஷயத்தில் ஒரே விதி: உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக் கூடாது. வேர்வையோ மழையோ பட்டால் பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குளிரைக் கூட்டும். முதலில் மெரினோ கம்பளி, மேலே ஃபிலீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஜூனிலும் இதே மூன்றுதான். பெர்கனில் வருடத்தில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும். கடல் காற்றில் குடை நிற்காது. அம்மா சேலைதான் கட்டுவேன் என்றால் கப்பலுக்குள் தாராளமாகக் கட்டட்டும், உள்ளே கதகதப்பாகவே இருக்கும். இறங்கும் நாள்களில் மட்டும் சல்வார். கப்பலிலிருந்து கரைக்குப் போடும் சாய்பலகையில், காற்றில், கொசுவம் காலில் சிக்கும். மார்ச்சில் போகிறவர்கள் ஷூவின் அடியில் மாட்டும் முள்பட்டையை அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சைவம் என்று எழுதிக் கொடு. அங்கே மீன் சாப்பிடுகிறவர்களையும் சிலர் சைவத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று பிரித்து எழுது. சீஸில் பாலை உறையவைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் இருக்கலாம், அம்மாவுக்கு அது முக்கியம் என்றால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ரைஸ் குக்கர், இன்டக்‌ஷன், கெட்டில் எதையும் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும் அவல் உப்புமா, இவை போதும். தயிர் அங்கேயே நன்றாகக் கிடைக்கும். நெய், பால்கோவா, பனீர் கொண்டுபோகாதே: பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவர நார்வேயில் தடை. தண்ணீர் பாட்டிலுக்குக் காசைக் கொட்டாதே, குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும்.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வை. சூரியன் மறையாத ஊரில் ராத்திரி மாத்திரை மறந்துபோகும், அதற்கு போனில் அலாரம் வை. இன்சுலின் இருந்தால் வெளியே போகும்போது உள் சட்டைப் பையில் இருக்கட்டும், உறைந்தால் கெட்டுவிடும். கப்பல் ஏறியதும் எல்லோர் போனையும் விமான நிலைக்கு மாற்று. நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்தால் பில் பயங்கரமாக வரும். ரொக்கம் அதிகம் வேண்டாம், சின்னக் கடையிலும் கார்டுதான்.

கப்பல் கிளம்பும் நாளன்றே பெர்கனில் விமானம் இறங்குகிற மாதிரி புக் செய்யாதே. முதல் நாளே போய்விடு. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உன் செலவில் ஓட வேண்டும். துறைமுகத்தில் தனியாக டாக்ஸி பிடித்துச் சுற்றப் போனாலும் அதே கதை. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதத்துக்கு அவர்கள் பொறுப்பு, நார்த் கேப்புக்காவது அதில் போ. ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ஏழு மணி நேர ரயில் ஒன்று உயரமான மலைப்பகுதி வழியாகப் போகிறது. அப்பாவுக்குச் சன்னல் ஓர இருக்கை கிடைக்கும் என்றால் விமானத்தை விட்டுவிட்டு அதிலேயே போங்கள்.

விசா அப்பாயின்ட்மென்ட் தேதி கிடைத்ததும் போன் பண்ணு. அம்மாவுக்கு என் மெரினோ பனியனும் கம்பளி சாக்ஸும் சரியாக இருக்கும், புதிதாக வாங்க வேண்டாம். ஷூ மட்டும் அவரவர் காலில் போட்டுப் பார்த்து, ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழக்கிவிடுங்கள்.