கணிப்பொறிக் கல்வியும் ஆசிரியரும்

கணிப்பொறியைக் கையாளப் பழகுவது வேறு. அது இயங்கும் நெறியை அறிவது வேறு. இவ்வேறுபாட்டினை இங்கிலாந்தின் பட்டறிவு நமக்கு உணர்த்துகின்றது.

அந்நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி பெரும்பாலும் தட்டச்சிடல், அட்டவணை நிரப்பல் என்ற அளவில் நின்றுவிடுவதை இராயல் சொசைட்டியின் அறிக்கை 2012இல் சுட்டிக்காட்டிற்று. 2014 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் ஐந்து வயதுக் குழந்தையும், ஒரு செயலைப் படிப்படியாகப் பகுத்து ஆணைகளாக்கக் கற்கத் தொடங்கிற்று.

ஆயினும், ஆசிரியர் பலர் அப்பாடத்தை முன்பு பயின்றவரல்லர். 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வில் அதனைத் தேர்ந்தெடுத்தோர் நூற்றுக்குப் 11 பேரே என அதே சொசைட்டி 2017இல் கண்டது. அதன் பின்னரே, கணிப்பொறிக் கல்வியையும் ஆசிரியர் பயிற்சியையும் வலுப்படுத்த 8 கோடியே 40 இலட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது.

பாடத்திட்டத்தை ஓராண்டில் மாற்றலாம். ஆசிரியரை உருவாக்கப் பல்லாண்டுகள் வேண்டும். ஆதலின், பொறிகளை வாங்குமுன் ஆசிரியரைப் பயிற்றுவோமாக!