இரவுத் தூக்கத்துக்குக் காலையிலேயே வழி: 12 குறிப்புகள்

எட்டு மணி நேரம் படுத்திருந்தும் எழும்போது அடித்துப் போட்டதுபோல இருக்கிறதா? சென்னையில் கணினியில் தகவல் பதியும் வேலைக்கு வந்த 452 பேரின் கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டி, அவர்கள் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று அளந்தார்கள் பொருளாதார ஆய்வாளர்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வில், சராசரியாக எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் துண்டு துண்டான விழிப்பு. ஆகவே ‘சீக்கிரம் படுங்கள்’ என்று சொல்வது மட்டும் போதாது. காலையில் தொடங்கி வீட்டிலேயே செய்யக்கூடியவற்றையும், எந்தத் தொல்லைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தருகிறேன்.

1. விடிந்ததும் வாசலுக்கு வாருங்கள். நம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். 1999-ல் ஹார்வர்டில் அளந்தபோது 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. நம் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், கடிகாரமும் வெயிலும் எட்டாத தனியறையில் தன்னார்வலர்களைத் தங்கவைத்து உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார். அப்படிப்பட்ட அறையில் இருப்பவருக்குத் தூங்கும் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய்விடும். அப்படித் தள்ளிப்போகாமல் முள்ளைத் தினமும் திருப்பி வைப்பது காலை வெளிச்சம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடமாவது வெளியே இருங்கள். கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மொட்டைமாடியில் துணி காயப்போடுவது எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். டியூப்லைட் எரியும் அறையில் 300 லக்ஸ் வெளிச்சம் கிடைத்தாலே அதிகம். மேகம் மூடிய காலையில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

2. எழும் நேரத்தை மாற்றாதீர்கள். படுக்கும் நேரம் முன்னே பின்னே ஆகலாம்; எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். ஞாயிறு பத்து மணி வரை தூங்கியவருக்கு அன்று இரவு தூக்கம் வராததில் வியப்பே இல்லை.

3. கடைசி காபியை மதியம் இரண்டு மணிக்குள் முடியுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்தான் கண் சொக்கும். காபியில் உள்ள கஃபீன் அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது, மாலை ஐந்து மணிக்குக் குடித்த டிகாக்‌ஷனில் பாதி, பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டெட்ராய்ட்டில் நடந்து 2013-ல் வெளியான சோதனையில், படுக்க ஆறு மணி நேரம் முன்பே 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. ‘காபி குடிச்சாலும் எனக்கு நல்லா தூக்கம் வரும்’ என்பவர்கள் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் வெளியேற இன்னும் நெடுநேரம் ஆகும்.

4. படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். தோலுக்கு ரத்தம் ஏறி, உடலின் உள்சூடு வெளியே போகும். உள்சூடு இறங்க இறங்கத்தான் தூக்கம் வரும். குளிக்க முடியாதவர்கள் பாதத்தை மட்டும் வெந்நீரில் வைத்திருக்கலாம்.

5. தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். பலரும் செய்யத் தயங்குகிற, ஆனால் நான் மிகவும் நம்புகிற குறிப்பு இது. படுத்துப் புரண்டுகொண்டே இருந்தால், ‘பாயை விரித்தால் கவலைப்பட வேண்டும்’ என்று மூளை பழகிவிடும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் வகுத்த முறை இந்தப் பழக்கத்தைப் பிரிப்பதற்காகத்தான். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். மங்கலான விளக்கில் சலிப்பூட்டும் வேலை எதையாவது செய்யுங்கள். கண் சொக்கிய பிறகே திரும்பி வாருங்கள். போனைத் தொடாதீர்கள்.

என் சித்தியின் கட்டிலுக்கு நேர் எதிரே, இருட்டிலும் முள் பச்சையாக ஒளிரும் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. ‘மணி ஒண்ணு, இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு’ என்று எண்ணியபடியே விடிய விடிய விழித்திருப்பார். முதலில் அந்தக் கடிகாரத்தைக் கூடத்துக்கு மாற்றினோம். பிறகு, “புரளாதீங்க சித்தி, எழுந்து வாங்க” என்றேன். “எழுந்து உக்காந்தா மட்டும் தூக்கம் வந்துருமாடி?” என்று கேட்டவர், ஜீரோ வாட்ஸ் பல்ப் வெளிச்சத்தில் முறத்தைப் போட்டு முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தார். முதல் வாரம் தினமும் கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்திருக்கும். மூன்றாவது வாரத்தில், காலையில் பார்த்தால் முறத்தில் பாதிக்கு மேல் காம்போடு கிடக்கும். இடையிலேயே எழுந்துபோய்ப் படுத்திருப்பார்.

6. தூங்கும் அளவுக்கே படுங்கள். ஐந்தரை மணி நேரம் தூங்கும் உடம்பை ஒன்பது மணி நேரம் கட்டிலில் போட்டால் தூக்கம் நீர்த்துப்போகும். 12 மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து, தூக்கம் கெட்டிப்பட்ட பிறகு, வாரத்துக்கு 15 நிமிடம் முன்னதாகப் படுத்துக்கொண்டே வரலாம். முந்தைய குறிப்பும் இதுவும் சேர்ந்த பேச்சு-பழக்கச் சிகிச்சையைத்தான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னால் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. வலிப்பு உள்ளவர்கள், இருமுனை மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதை டாக்டர் இல்லாமல் செய்யக்கூடாது.

7. மதியத் தூக்கம் அரை மணிக்குள். முதலில் சொன்ன சென்னை ஆய்வில் கண் மூடி, காதடைப்பான், மெத்தை எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலையில் அதனால் பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால் வேலையிடத்தில் மதியம் அரை மணி நேரம் அமைதியாகத் தூங்கவைத்தபோது கவனமும் மனநிலையும் வேலைச் சுறுசுறுப்பும் கூடின. துண்டு துண்டான தூக்கம் எத்தனை நிமிடம் கூடினாலும் முழுத் தூக்கம் ஆகாது போலிருக்கிறது. மூன்று மணிக்கு மேல் வேண்டாம். இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

8. மதுவைத் தூக்க மருந்தாக நினைக்காதீர்கள். சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவைக் குலைக்கும். குறட்டையையும் கூட்டும்.

9. குறட்டையைக் காது கொடுத்துக் கேளுங்கள். உரக்கக் குறட்டை விடுபவரைப் பார்த்து ‘நிம்மதியான தூக்கம்’ என்கிறோம். சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென நிற்கிறதா? மார்பு அசைந்தும் மூச்சு வராமல், பத்துப் பதினைந்து விநாடி கழித்துத் திணறலோடு இழுக்கிறாரா? தொண்டைச் சதை தளர்ந்து காற்று வழியை அடைத்துக்கொள்ளும் நோய் அது. பத்து விநாடியோ அதற்கு மேலோ நீளும் இந்த அடைப்பு மணிக்கு 30 தடவையைத் தாண்டினால் கடுமையான நிலை. ரத்த அழுத்தம் ஏறும், பகலில் உட்கார்ந்த இடத்தில் தலை சாயும். சட்டைக் கழுத்தளவு 16 அங்குலத்தைத் தாண்டிய ஆண்களுக்கு வாய்ப்பு அதிகம்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார். சிட்னியைச் சேர்ந்த காலின் சலிவன் 1981-ல், மூக்கு வழியே காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். தொடக்கக் காலக் கருவிகளில் ஓடியது வாக்குவம் கிளீனர் மோட்டார். இன்று அது மேசைக் கடிகாரம் அளவுக்கு வந்துவிட்டது. பரிசோதனையும் சிகிச்சையும் தொடங்கும் வரை ஒருக்களித்துப் படுக்கப் பழக்குங்கள்.

10. இரவில் கால் குடைச்சலா? ஃபெரிட்டின் பாருங்கள். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும், ஆட்டினால்தான் அடங்கும், நடந்தால் சரியாகும் என்றால், 1945-ல் ஸ்வீடன் மருத்துவர் எக்போம் விவரித்த கால் அமைதியின்மை நோயாக இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச்சத்து இருப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் ஃபெரிட்டின். 75-க்குக் கீழே இருந்தால் டாக்டர் இரும்புச்சத்து தருவார். நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்துங்கள். இரும்பு உடலில் சேர்வது குறையும்.

11. அமுக்குவான் பேய்க்குப் பயப்படாதீர்கள். கண் விழித்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. தாயத்து கட்டப் போகுமுன் இதைப் படியுங்கள். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மேனும், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக ஓடுவதைக் கண்டறிந்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். கனவில் ஓடுவதை நாம் நிஜத்தில் ஓடிவிடாதபடி அந்த நேரம் மூளை தசைகளைக் கட்டிப்போடும். கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிடுவதுதான் அமுக்குவான். ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். ஓரிரு நிமிடத்தில் தானாக விட்டுவிடும். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும்.

இதற்கு நேர்மாறானது, கட்டே விழாமல் போவது. ஐம்பது வயதைத் தாண்டியவர் தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார், பக்கத்தில் படுத்தவரை அடித்துவிடுகிறார் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1986-ல் மின்னசோட்டா மருத்துவர்கள் ஷென்க்கும் மஹோவால்டும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பார்க்கின்சன் நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தலைகாட்டக்கூடும். அவசியம் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். படுக்கும் இடத்துக்கு அருகில் செம்பு, மேசை விளக்கு எதுவும் வேண்டாம், பாயில் படுக்கவையுங்கள்.

12. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள். 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தடுமாறியது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 0.03 சதவீதம்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, கல்யாண வேலையெல்லாம் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு ‘விடியறதுக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துரலாம்’ என்று காரை எடுப்பவர் அந்த நிலையில்தான் எடுக்கிறார். ஜன்னலைத் திறந்தாலும் பாட்டை உரக்க வைத்தாலும் பெரிய பலன் இல்லை என்பதைப் பிரிட்டனின் லஃப்பரோ ஆய்வாளர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். பலன் தந்தது, காபி குடித்த கையோடு கால் மணி நேரம் தூங்குவது. கஃபீன் வேலையைத் தொடங்குவதற்குள் தூக்கம் முடிந்திருக்கும். அதுவும் ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். கண் சொக்கினால் டீக்கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குங்கள். ஊரில் காத்திருப்பவர்களுக்கு ஒரு போன் போட்டு, காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.